ஒட்டிய வினைல் காபட்டைக் கிழிக்காமல் தூக்கி அடிப்பலகையைப் பார்க்க முடியுமா?

கொழுந்துக்கூடை (தலவாக்கலை):

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீடு பழைய தோட்ட உத்தியோகத்தர் குவாட்டர்ஸ். இப்போது எங்கள் பெயரில் இருப்பதால் ஆபிஸில் அனுமதி கேட்கும் தொல்லை இல்லை. முன் அறைக்கும் நடு அறைக்கும் பலகைத் தரை. அதன் மேல் வினைல் ஷீட், அதாவது கடையில் பிளாஸ்டிக் காபட் என்று கேட்டால் தருவார்களே, அதைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறது. அப்பா இருந்த காலத்தில் போட்டது. பூ இன்னும் தேயவில்லை.

பிரச்சினை நடு அறையில். சமையலறைக் கதவுப் பக்கம் காலை வைத்தால் தரை அமுங்குகிறது. போன மழைக்கு லேசாகத்தான் தெரிந்தது. இந்த மழைக்கு, பக்கத்தில் யாராவது நடந்தாலே அலுமாரியில் கிளாஸ் எல்லாம் கிலுகிலு என்கிறது. பலகை உக்கிவிட்டதா, கறையானா, வேறு ஏதாவதா என்று பார்க்க வேண்டும். தையில் வீட்டில் விசேஷம் இருக்கிறது. இரண்டு அறைக்கும் புதுக் காபட் வாங்க இப்போதைக்குக் கையில் வசதி இல்லை. இருப்பதைக் கிழிக்காமல் தூக்கி, பலகையைச் சரி செய்து, அதையே திரும்பப் போட முடியுமா? செய்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

நெம்புகோல் (கம்பளை):

முடியாது தம்பி. பசை போட்டு ஒட்டியதைத் தூக்கினால் பாதி தரையில் நிற்கும், பாதி கையில் வரும். அந்த அறைக்கு மட்டுமாவது புதிதாக வாங்குங்கள்.

சிங்கமலை (ஹட்டன்):

அப்படி ஒரேயடியாகச் சொல்ல முடியாது அண்ணே. எப்படி ஒட்டியிருக்கிறது என்று தெரியாமல் யாரும் பதில் சொல்ல முடியாது.

தம்பி, முதலில் இதைப் பாருங்கள். அலுமாரிக்கு அடியிலோ கதவு மூலையிலோ, கண்ணில் படாத இடமாகப் பார்த்து, இரண்டு விரல் அகலத்துக்குக் காபட்டைக் கிளப்புங்கள். அடிப்பக்கம் சாம்பல் நிறத் தடித்த காகிதம் மாதிரி இருக்கிறதா, மெல்லிய நுரையா, துணியா, வெறும் பிளாஸ்டிக்கா? காகித அடி என்றால் நெம்புகோல் அண்ணன் சொல்வது சரி, காகிதம் இரண்டாகப் பிரிந்து ஒரு பாதி தரையோடு நின்றுவிடும். மற்றவற்றுக்கு வழி இருக்கிறது. கிளப்பிய மூலையை மெதுவாகப் பின்னுக்கு மடக்கியும் பாருங்கள். வெடிப்பு விழுந்தால் காபட்டில் உயிர் இல்லை, தூக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஆனால் விடியற்காலைக் குளிரில் இதைச் செய்து பார்த்துவிட்டு ஐயோ வெடிக்கிறது என்று சொல்லாதீர்கள். குளிரில் எல்லா வினைலும் விறைத்துத்தான் போகும். மத்தியானத்தில், கொஞ்சம் சூடு காட்டிவிட்டுப் பாருங்கள்.

அப்புறம், உள்ளங்கையை அழுத்தி நடுத்தரையில் தள்ளிப் பாருங்கள். சின்ன அலை எழும்பினால் நடுவில் பசை இல்லை, ஓரத்தில் மட்டும்தான்.

கொழுந்துக்கூடை:

பார்த்தேன் அண்ணே. அடிப்பக்கம் வெள்ளை நிறத்தில் மெல்லிய நுரை. மடக்கினேன், வெடிக்கவில்லை. பசை மஞ்சளாக, இழுத்தால் நூல் நூலாக வருகிறது. ஓரம் முழுக்க இருக்கிறது. நடுவில் கையைத் தள்ளினால் சில இடத்தில் அலை வருகிறது, சில இடத்தில் வரவில்லை. அம்மா சொல்கிறார், அன்றைக்கு ஒட்ட வந்த பாஸ், பசை டின் போதாது என்று கோடு கோடாகப் போட்டாராம்.

சிங்கமலை (ஹட்டன்):

அந்தப் பாஸுக்கு நன்றி சொல்லுங்கள். அவர் பசையை மிச்சம் பிடித்தது உங்களுக்கு இப்போது உதவுகிறது.

சீவுளி (கொட்டகலை):

மரவேலைதான் எனக்குத் தொழில், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

காபட்டில் கை வைக்க முன்னால் வீட்டைச் சுற்றி வாருங்கள். நம் பக்கத்துப் பலகைத் தரை வீடெல்லாம் சரிவில் கட்டியது. மேட்டுப் பக்கம் தரை மண்ணை ஒட்டியிருக்கும், பள்ளத்துப் பக்கம் கல் அத்திவாரம் இரண்டு மூன்று அடி உயர்ந்து நிற்கும். அந்தக் கல்லில் காற்று போக ஓட்டை விட்டிருப்பார்கள், கம்பியோ வார்ப்பு இரும்புத் தட்டியோ போட்டிருக்கும். சில வீடுகளில் ஆள் தவழ்ந்து நுழையும் அளவுக்கு ஒரு சின்னக் கதவும் உண்டு. டோர்ச் ஒன்றை எடுத்துக்கொண்டு கீழே போய்ப் பார்த்தால், காபட்டைத் தொடாமலே பாதி விடை கிடைத்துவிடும். நீளமான திருப்புளியால் பலகையைத் தாங்கும் சட்டத்தையும் பலகையின் அடியையும் குத்துங்கள். நல்ல மரத்தில் முனை ஏறாது. உக்கலில் வெண்ணெயாக இறங்கும்.

கீழே போகும்போது தனியாகப் போகாதீர்கள், கைக்கு உறை போடுங்கள். பூரான், தேள், பாம்பு எல்லாவற்றுக்கும் அது பிடித்த இடம்.

மேலே வினைல் ஒட்டினால் பலகை ஏன் உக்குகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் மேலே சிந்திய தண்ணீரைத்தான் குற்றம் சொல்கிறார்கள். மண்ணிலிருந்து ஈர ஆவி எப்போதும் எழும்பிக்கொண்டே இருக்கும். வெறும் பலகை என்றால் அது மேலால் அறைக்குள் போய்விடும். வினைல் போட்டதும் மேல்வழி அடைபட்டுவிடுகிறது, இனி காற்று ஓட்டை மட்டும்தான் வழி. காற்றில் ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் மரம் ஏறக்குறைய 16 சதவீத ஈரத்தில் நிற்கும். 90 என்றால் 20ஐத் தொடும். 20க்குக் கீழே இருக்கும் வரை உக்கல் பூஞ்சணத்துக்கு வேலை இல்லை, அதற்கு மேலே போய் நின்றுவிட்டால்தான் ஆபத்து. ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் வைகாசி மழை பிடித்தால் புரட்டாசி வரை விடுவதில்லை. அதில் காற்று ஓட்டையும் அடைத்திருந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள்.

முதலில் கீழே பாருங்கள், பிறகு தூக்குவது பற்றிப் பேசுவோம்.

மூடுபனி (நானுஓயா):

இடையில் ஒரு கேள்வி. எங்கள் வீட்டில் ஷீட் இல்லை, 9 அங்குலச் சதுர ஓடுகள், கறுப்புத் தார் மாதிரிப் பசை. தாத்தா காலத்தில் போட்டது என்கிறார்கள். அதையும் இப்படித் தூக்கலாமா?

சிங்கமலை (ஹட்டன்):

தூக்காதீர்கள். 9 அங்குலச் சதுரமும் கறுப்புப் பசையும் பழைய கால அடையாளம். 1980களுக்கு முன் உலகமெங்கும் வந்த அந்த மாதிரி ஓடுகளில் அஸ்பெஸ்டஸ் நார் கலந்திருப்பது சாதாரணம், சிலவேளை பசையிலும் இருக்கும். முழுதாகக் கிடக்கும்வரை தொல்லை இல்லை. உடைத்தால், உலர்ந்த நிலையில் சுரண்டினால், மணல் தாள் போட்டால்தான் தூசி மூச்சில் போகும். பழைய காலத்து ஷீட்டில் சாம்பல் காகித அடி இருந்தாலும் இதே கதைதான். கீழே பலகை உறுதியாக இருந்தால் அதன் மேலேயே வேறு விரிப்பைப் போட்டு மூடிவிடுங்கள். பரிசோதிக்காமல் உளியோடு உட்கார வேண்டாம்.

ஊவாக்காற்று (பண்டாரவளை):

எங்கள் வீட்டில் பலகை இல்லை, சிவப்புச் சீமெந்துத் தரை. வருஷக் கணக்காகப் பொலிஷ் போட்டுப் போட்டு மினுக்கிய தரையின் மேல் வினைல் ஒட்டினார்கள். மூலையைப் பிடித்து இழுத்ததும் தோல் உரிந்த மாதிரி வந்துவிட்டது, மெழுகில் பசை பிடிக்கவே இல்லை. சீமெந்துக்காரர்கள் திரும்ப ஒட்ட முன்னால் ஒன்று செய்யுங்கள். ஒன்றரை அடிச் சதுரத்துக்குத் தடித்த பொலித்தீன் ஒன்றை நாலு பக்கமும் டேப்பால் அடைத்து ஒட்டி, 16 மணி நேரத்துக்குக் குறையாமல் விடுங்கள். அடியில் வியர்த்திருந்தால், இல்லை சீமெந்து கறுத்திருந்தால், இன்னும் ஈரம் வருகிறது என்று அர்த்தம்.

மழைக்காலத்தைப் பற்றி ஒரு சொல். ஹட்டன் பக்கம் நனையும் ஆனி, ஆடியில் எங்களுக்கு வெயிலும் காற்றும்தான். தரை வேலைக்கு எங்களுக்கு அதுதான் நல்ல காலம். உங்களுக்குத் தை, மாசி.

கொழுந்துக்கூடை:

சீவுளி அண்ணே, மச்சானோடு கீழே போய்ப் பார்த்தேன். மேட்டுப் பக்கம் இருந்த காற்று ஓட்டை இரண்டும் காணவே இல்லை. மழைக்குக் கழுவி வந்த மண் சுவரோடு ஏறி அவற்றை மூடிவிட்டது, அதன் மேல் அம்மா பூக்கன்று நட்டிருக்கிறார். பள்ளத்துப் பக்க ஓட்டைகளில் சாக்கு அடைத்திருக்கிறது. குளிர் வருகிறது, எலி வருகிறது என்று நாங்கள்தான் அடைத்தோம்.

சமையலறைக் கதவுக்கு நேர் கீழே பலகையின் அடியில் வெள்ளை நூல் விசிறி மாதிரிப் படர்ந்திருக்கிறது. காளான் வாடை. திருப்புளி இரண்டு பலகையில் முழுதாக இறங்கிவிட்டது, மூன்றாவதில் பாதி. உடைத்துப் பார்த்தால் மரம் மண்ணிறமாகி, தேங்காய் டொபி வெட்டியது போலச் சதுரம் சதுரமாகப் பிளந்திருக்கிறது. கீழே ஓடும் சட்டத்தில் ஒன்று மேல்விளிம்பில் மட்டும் மென்மையாக இருக்கிறது. மண்குழாய், கறையான் புற்று எதுவும் கண்ணில் படவில்லை.

சீவுளி (கொட்டகலை):

அப்படியென்றால் கறையான் இல்லை, உக்கல்தான். சதுரமாகப் பிளப்பதே அதன் அடையாளம். நல்ல செய்தி என்னவென்றால் உக்கல் கதவுப் பக்கத்தோடு நிற்கிறது. முழு அறையையும் தூக்கத் தேவையில்லை. கதவுப் பக்கத்திலிருந்து ஐந்து ஆறு அடி மட்டும் கிளப்பிப் பின்னுக்கு உருட்டினால் போதும்.

காபட்டை அசைக்க முன் அதன் விளிம்பிலும் சுவரிலும் பென்சிலால் நேர் நேராகக் கோடு போட்டு வையுங்கள். திரும்ப வரும்போது அதே இடத்தில் உட்கார அதுதான் சாட்சி. கதவடியில் உள்ள அலுமினியப் பட்டியையும் சுவரோர பீடிங்கையும் கழற்றி விடுங்கள்.

சூடுதான் இங்கே முக்கிய ஆயுதம். ஹீட் கன் இருந்தால் குறைந்த சூட்டில், இல்லாவிட்டால் தலைமுடி காய வைக்கும் டிரையரே போதும். ஒரு சாண் அகலத்துக்குச் சூடு காட்டி, உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கை தாங்க வேண்டும். தாங்கவில்லையென்றால் அது அதிகம், வினைல் இழுபட்டுப் பெருத்துவிடும், பிறகு திரும்ப உட்காராது. கருகினால் அதிலிருந்து வருவது அமிலப் புகை, ஜன்னலைத் திறந்து வைத்தே செய்யுங்கள். பழைய வயரிங்குக் கவனம். நம் பழைய வீட்டு ஐந்து அம்பியர் பிளக் 230 வோல்ட்டில் 1150 வாட்தான் தாங்கும், ஹீட் கன் பெரும்பாலும் 1500க்கு மேல். சமையலறையில் கேத்தல் குத்தும் பெரிய பிளக்கிலிருந்து தடித்த வயரில் இழுங்கள்.

சூடு ஏறியதும் அகலமான புட்டித் தகட்டைத் தரையோடு படுக்க வைத்து உள்ளே விடுங்கள். அதன் மூலைகளை அரத்தால் உருட்டிவிட வேண்டும், கூர் மூலை நுரையைக் கிழிக்கும். தகட்டை நிமிர்த்தி நெம்பக் கூடாது. மேலே இழுக்கவும் கூடாது. பசைதான் விட வேண்டும், காபட் இழுபடக் கூடாது. பசைக்கோடு பிடிவாதமாக நின்றால் தங்கூசி நூல், அதாவது தூண்டிலுக்குக் கட்டும் நைலோன் நூல், ஒரு பாக நீளம் எடுத்து இரண்டு முனையிலும் குச்சி கட்டி, இரண்டு பேர் இரு பக்கமும் நின்று வாள் இழுப்பது மாதிரி அடியால் இழுங்கள். ரப்பர் பசையை அது அழகாக அறுத்துக்கொண்டு போகும்.

உருட்டும்போது மடிப்பு விழுந்தால் அந்தக் கோடு கடைசி வரை போகாது. முழு ஷீட்டைக் கழற்றுகிறவர்கள் பூப்பக்கம் வெளியே வரும்படி சுருட்ட வேண்டும். உங்களுக்குப் பாதிதான் வருகிறது, அதனால் பூப்பக்கம் உள்ளேதான் போகும், வேறு வழியில்லை. அதற்காகத்தான் உருளை பெரிதாக இருக்க வேண்டும். நாலு அங்குலப் பைப் போதாது. தண்ணீர் பிடித்து வைக்கும் நீல பரலை வெறுமையாக்கிப் படுக்க வைத்து, அதன் மேல் சுற்றுங்கள். இரவில் அப்படியே விட வேண்டியிருந்தால் கயிற்றால் தளர்வாகக் கட்டுங்கள்.

கைமணம் (மஸ்கெலியா):

சட்டத்துக்குப் பழைய எஞ்சின் ஒயில் பூசலாமா? எங்கள் தோட்டத்தில் எல்லாரும் அதைத்தான் பூசுவார்கள்.

சீவுளி (கொட்டகலை):

மாட்டுக் கொட்டில் தூணுக்குப் பூசுங்கள் அக்கா, வீட்டுக்குள் வேண்டாம். எண்ணெய் ஊறி மேலே வந்து வினைலில் மஞ்சள் கறை போடும், பசையையும் டேப்பையும் இளக்கும், வாடை வருஷக் கணக்கில் போகாது. பசை துடைக்க மண்ணெண்ணெய் பாவிப்பவர்களுக்கும் இதேதான். மரத்தில் எண்ணெய்ப் படலம் நிற்கும், பிறகு எதுவும் ஒட்டாது. தின்னர் வினைலையே கரைத்துவிடும். மீந்த பசையைச் சூடு காட்டிச் சுரண்டி எடுங்கள், பிசுபிசுப்பு மிஞ்சினால் முகத்துக்குப் போடும் டல்கம் பவுடரைத் தூவித் துடைத்து விடுங்கள்.

மரத்துக்கு வெங்காரமும் போரிக் அமிலமும்தான். எடையில் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் சுடுதண்ணீரில் கரைத்து, உக்கலை வெட்டி எறிந்த பிறகு, அடிப்பக்கமும் வெட்டுமுகமும் ஊறும்படி இரண்டு தடவை பூசுங்கள். பூசியதும் நன்றாகக் காய வேண்டும். அந்த மருந்து தண்ணீர் பட்டால் கழுவிப் போய்விடும், அதனால் ஈரத்தை நிறுத்தாமல் மருந்தை மட்டும் நம்ப வேண்டாம்.

கொழுந்துக்கூடை தம்பிக்கு: உக்கல் தெரியும் இடத்தோடு வெட்டை நிறுத்தாதீர்கள். அடுத்த நல்ல சட்டத்தின் நடுவரைக்கும் பலகையை வெட்டுங்கள், அப்போதுதான் புதுப்பலகையின் முனைக்கு ஆணி அடிக்க இடம் கிடைக்கும். மேல்விளிம்பு மென்மையான சட்டத்தை முழுதாக எடுக்கத் தேவையில்லை. மென்மையானதைச் செதுக்கி எறிந்துவிட்டு, பக்கத்தில் இன்னொரு சட்டத்தை அணைத்து போல்ட் போடுங்கள், பழுதான இடத்தைத் தாண்டி இரண்டு பக்கமும் இரண்டு மூன்று அடி போக வேண்டும். பலகை பலா மரமோ டர்பன்டைன் மரமோ, எதுவானாலும் நன்றாகக் காய்ந்ததாக எடுங்கள். பச்சைச் சவுக்குப் பலகையைப் போட்டால் காய்ந்து சுருங்கி, இடைவெளி காபட்டின் மேல் கோடாகத் தெரியும். பழைய பலகையின் தடிப்பும் புதியதும் ஒன்றாக இருக்க வேண்டும், ஒரு தீக்குச்சி அளவு வித்தியாசம்கூட வினைலில் காட்டிக் கொடுக்கும். சீவுளி போட்டு மட்டப்பலகை வைத்துப் பாருங்கள். ஆணிக்குப் பதில் ஸ்குரூ, தலை உள்ளே அமிழ வேண்டும்.

நெம்புகோல் (கம்பளை):

சரி, இவ்வளவும் செய்த பிறகு பழையபடி பசை போட்டுத்தானே ஒட்ட வேண்டும்? ஒட்டாமல் விட்டால் சுருக்கம் விழும், வயசானவர்கள் கால் தடுக்கும்.

சிங்கமலை (ஹட்டன்):

ஒட்டவே கூடாது என்பது என் கட்சி. ஒட்டாமல் விரித்தால் பலகை மூச்சு விடும்.

சீவுளி (கொட்டகலை):

இரண்டு பேரிடமும் ஒரு பாதி சரி. ஹட்டன் தம்பி, ஒட்டினாலும் ஒட்டாவிட்டாலும் வினைல் வினைல்தான், அதன் வழியாக ஆவி போகாது. பலகை மூச்சு விடுவது கீழே உள்ள காற்று ஓட்டையால், வேறெதாலும் இல்லை. ஆனாலும் நான் முழுதாக ஒட்டச் சொல்ல மாட்டேன், வேறு காரணத்துக்காக. இனி வருஷம் ஒரு தடவை, மழை விட்டதும் அந்த மூலையைக் கிளப்பிப் பார்க்க முடிய வேண்டும்.

கம்பளை அண்ணன் பயப்படுவதும் நியாயம். ஓரத்துக்கும் கதவடிக்கும் மட்டும் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் போடுங்கள். மஞ்சள் ரப்பர் பசை பட்ட இடத்திலேயே பிடித்துக்கொள்ளும், ஒரு நூல் விலகினாலும் திருத்த முடியாது. டேப் என்றால் மேல் தாளை உரிக்காமல் காபட்டை விரித்து, பென்சில் கோடு சேர்கிறதா பார்த்துவிட்டு, பிறகு தாளை இழுக்கலாம். விரிக்க முன் காபட்டை அறையிலேயே ஒரு பகல் விட்டு இளக வையுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்குச் சப்பாத்திக் கட்டையை உடம்புப் பாரத்தோடு உருட்டுங்கள்.

கொழுந்துக்கூடை:

வேலை முடிந்தது. காபட் முழுதாகவே வந்தது, ஒரு பசைக்கோட்டில் மட்டும் நுரை கொஞ்சம் பிய்ந்தது, மேலே தெரியவில்லை. தங்கூசி யோசனை அருமை. பலகை மூன்று மாற்றினோம், சட்டம் ஒன்றுக்கு அணை கொடுத்தோம். சாக்கை எடுத்துவிட்டு எலி வராமல் கம்பி வலை அடித்தோம். மேட்டுப் பக்க மண்ணை வெட்டி எறிந்து கான் ஒன்று வெட்டினோம், அம்மாவின் பூக்கன்று வாசலுக்குப் போய்விட்டது. கூரைப் பீலியும் அங்கேதான் ஒழுகியிருக்கிறது, அதையும் பார்த்தாயிற்று. ஊவாக்காரர் சொன்ன பொலித்தீனை வேறு விதமாகப் பாவித்தேன், கீழே மண்ணின் மேல் விரித்துக் கல் வைத்துவிட்டேன். சரிதானே?

ஒரு சந்தேகம். விரித்த பிறகு கதவுப் பக்கம் பென்சில் கோட்டுக்கு அரை விரல் குறைவாக நிற்கிறது. எங்கே போனது அந்த அரை விரல்?

சீவுளி (கொட்டகலை):

மண்ணின் மேல் பொலித்தீன் சரிதான், விளிம்புகள் ஒன்றின் மேல் ஒன்று ஓரடி ஏற வேண்டும். காற்று ஓட்டைக்கு நேரே தூக்கி நிற்காமல் பாருங்கள்.

அரை விரல் எங்கேயும் போகவில்லை. வினைல் பழசாகும்போது அதை இளக்கி வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள் மெல்ல மெல்ல வெளியேறி ஷீட் சுருங்கும். பசைதான் இதுவரை இழுத்துப் பிடித்திருந்தது. சூடு காட்டி இழுத்து நீட்டப் போகாதீர்கள், ஆறியதும் திரும்பச் சுருங்கி டேப்பைக் கிளப்பும். பழைய அலுமினியப் பட்டிக்குப் பதிலாக ஒன்றரை அங்குலப் பட்டி வாங்கிக் கதவடியில் போடுங்கள், இடைவெளி மறைந்துவிடும். ஸ்குரூவைக் காபட் வழியாகப் போடாமல் அந்த இடைவெளிக்குள் பலகையிலேயே இறக்குங்கள், அடுத்த வருஷம் கழற்ற வசதி.